கடை அடைத்த பிறகு: சேலம் மதுவிலக்கும் ஒரு பழைய ஃபத்வாவும்

செவ்வாய்ப்பேட்டை என்னும் பெயருக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கின்றது. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய வாரச் சந்தையே சேலம் நகரின் இப்பகுதிக்குப் பெயரைத் தந்தது. மண்டிகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் நிறைந்த இவ்வூரில் கூலி அன்றாடம் கைமாறும். கூலி கைமாறும் இடத்தைத் தேடிக் கள்ளும் சாராயமும் வருவது எல்லா ஊர்களுக்கும் பொதுவான கதை. 1937 அக்டோபர் 1ஆம் நாள் அக்கதை சேலம் மாவட்டத்தில் ஒரு திருப்பத்தைக் கண்டது. சென்னை மாகாணப் பிரதமராயிருந்த இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்குச் சட்டத்தை முதன்முதலாக நடைமுறைப்படுத்தத் தேர்ந்துகொண்டது இம்மாவட்டத்தையே. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களும் அன்று சேலத்துக்குள் அடங்கியிருந்தன. அந்த அமைச்சரவையில் யாகூப் ஹசன் சேட் அவர்களும் இடம்பெற்றிருந்தார் என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

இராஜாஜிக்கு இது திடீரெனத் தோன்றிய எண்ணமன்று. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் அவர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். சட்டம் வந்தபின் கள்ளுக்கடைக்கு மாற்றாகத் தேநீரும் விளையாட்டும் சிக்கனச் சங்கங்களும் ஊக்குவிக்கப்பட்டன. முதலாண்டின் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்து நூலாக்கினார். இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று நாம் கடைகளில் செலுத்தும் வரியின் மூதாதை சேலத்துச் சாராயக் கடைகளின் பூட்டுக்குள் பிறந்தது என்றால் மிகையாகாது.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. உலகப்போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகின்றது.

கடை திறப்பதும் அடைப்பதுமாகவே நம் வரலாற்றாசிரியர்கள் இதனை எழுதி வந்துள்ளனர். கடை அடைக்கப்பட்ட அன்று இரவு, இருபதாண்டுகள் இடைவிடாது குடித்த ஒருவருடைய உடல் என்ன ஆயிற்று என்ற வினா இவ்வரலாற்றில் எழுவதில்லை. அளவு மீறிய பழக்கமுடையவர் மதுவைச் சட்டென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றக்கூடும், சிலவேளை உயிரும் போகக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. 1937இன் திட்டத்தில் கடை கண்ணுக்குத் தெரிந்தது, நோயாளி தெரியவில்லை. தமிழகத்தில் குடிநோயாளிகளுக்கென்றே அமைந்த மருத்துவமனையாகப் பெயர்பெற்ற டி. டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தைச் சாந்தி ரங்கநாதன் அவர்கள் சென்னையில் நிறுவியது 1980இல். சேலத்தில் கடைகள் அடைக்கப்பட்டு நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்களின் பக்கம் திரும்புவோம். ஹனஃபி மத்ஹபின் மாபெரும் தொகுப்பான 'ரத்துல் முஹ்தார்', பானங்கள் பற்றிய பாடத்தில், ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) அவர்களிடம் மக்காவில் கேட்கப்பட்ட ஒரு வினாவை எடுத்துரைக்கின்றது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டினர். ஒருவர் அபினுக்கு ஆளாகிவிட்டார். உண்ணாவிடில் இறந்துவிடுவார் என்னும் நிலை. அவருக்கு என்ன சட்டம்? அது உறுதியாகத் தெரிந்தால் உண்பது ஆகும், உயிரைக் காக்கும் பொருட்டுக் கட்டாயமும் ஆகும் என்று அவர்கள் விடையளித்தார்கள். பசியால் மடியும் நிலையில் உள்ளவர் தானாகச் செத்ததை உண்பதோடு இதனை ஒப்பிட்டார்கள். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. சிறிது சிறிதாக, வயிறு உணராதவாறு, அளவைக் குறைத்துக்கொண்டே வருவது அவர் மீது கடமை. அதனை விட்டுவிட்டால் அவர் பாவி என்றும் தீர்ப்பளித்தார்கள். இது தம் மத்ஹபின் விதிகளுக்கு முரணன்று என்ற ஹனஃபி அறிஞர் ரமலீயின் கருத்தையும் இப்னு ஆபிதீன் (ரஹ்) உடன் சேர்த்துள்ளார்கள். இரு மத்ஹபினரும் வாழும் நம் தமிழகத்துக்கு இது பொருத்தமான செய்தி.

இந்த விடையில் இரண்டு சொற்கள் கவனத்துக்குரியவை. ஒன்று 'இள்திரார்', அதாவது வேறு வழியில்லாத நிர்ப்பந்தம். மற்றது 'தத்ரீஜ்', அதாவது படிப்படியான நடை. முதலாவது நோயாளிக்கு உயிர் தருகின்றது; இரண்டாவது, அவருடைய நோயையே சாக்காக்கிக்கொள்ள விடாமல் தடுக்கின்றது. அதே நூற்றாண்டில் பாரசீகத்தில் இமாதுத்தீன் ஷீராஸீ என்னும் மருத்துவர் அபினைப் பற்றித் தனிநூலே எழுதினார். தாமே அப்பழக்கத்துக்கு ஆளானவர் அவர். அளவைக் குறைப்பதையும் வேறு மருந்தை ஈடாகத் தருவதையும் அவர் ஆராய்ந்திருப்பது, முஃப்தியும் மருத்துவரும் ஒரே திசையில் சிந்தித்தனர் என்பதைக் காட்டும்.

கொக்கைனை இந்த அறிஞர்கள் அறிந்திலர். 1860ஐ ஒட்டி ஜெர்மனியில் கோக்கா இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. 1884இல் கண் அறுவைக்கு மரப்பு மருந்தாயிற்று. அவ்வாண்டிலேயே சிக்மண்ட் ஃபிராய்ட் அதனை மார்ஃபின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார். அவ்வாறு பெற்ற அவர் நண்பர் இரண்டுக்கும் அடிமையானார். ஒரு போதைக்கு மருந்தென வந்தது மற்றொரு போதையாய் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது வங்காளத்திலும் பீகாரிலும் வெற்றிலைக்குள் புகுந்துவிட்டது. கல்கத்தா மருத்துவர் கைலாஸ் சந்திர போஸ் 1902இல் இதுபற்றி எழுதினார். நம் நாட்டில் கொக்கைன் புதிதாக வந்த நாகரிகம் என்று எண்ணுவோர், தாத்தா காலத்து வெற்றிலைப் பெட்டியை மறந்தவர்கள்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் பொறுப்பில் நடந்து 2019இல் வெளியான தேசிய ஆய்வு, கொக்கைன் பயன்படுத்துவோர் இந்தியாவில் ஏறத்தாழ 10.7 லட்சம் பேர் என மதிப்பிட்டது. மது அருந்துவோர் 16 கோடி. மதுவுக்கு அடிமையானோரில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவரே என்பதும் அவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

அபினைப் பற்றிய ஃபத்வாவைக் கொக்கைனுக்கு அப்படியே பொருத்த முடியுமா? முடியாது என்பதே நம் கருத்து. காரணம் அந்த ஃபத்வாவுக்குள்ளேயே உள்ளது: இறப்பது உறுதியாகத் தெரிந்தால் என்பது அதன் நிபந்தனை. கொக்கைனை நிறுத்தியவர் நெடுநேரம் உறங்குவார், சோர்வார், மனம் நொறுங்குவார், மீண்டும் தேடித் துடிப்பார். தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்பதால் அருகில் ஆள் வேண்டும். ஆனால் நிறுத்தியதனால் மட்டும் உடல் மடிவதில்லை. உயிரைப் பறிப்பது அதனைப் பயன்படுத்துவதே. மாரடைப்பும் வலிப்பும் அதன் உடன்பிறப்புகள். ஆகவே இங்கு இள்திரார் இல்லை. குறைத்துக் குறைத்து உண்ணும் சலுகையும் இல்லை. உடனே நிறுத்துதலே வழி. அபினுக்கு உள்ளது போன்ற மாற்று மருந்து எதுவும் கொக்கைனுக்கு இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. எனவே சிகிச்சை மனத்தின் பக்கமே நடைபெறுகின்றது. ஆசை எழும் நேரம், இடம், தோழமை ஆகியவற்றை இனங்கண்டு விலகப் பயிற்றுவது ஒரு முறை. பரிசோதனையில் போதை இல்லையெனத் தெரியுந்தோறும் சிறு வெகுமதி அளிப்பது மற்றொரு முறை. சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினும், நல்ல பயன் தந்ததாக ஆய்வுகளில் நிறுவப்பட்டது இதுவே. தத்ரீஜ் இங்கும் உண்டு. அது மருந்தளவில் அன்று, நாட்களின் எண்ணிக்கையில்.

சில ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்ப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஒரு தந்தை நம்மிடம் வந்தார். மகனை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருப்பதாகவும் ஓதித் தண்ணீர் தரவேண்டும் என்றும் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஜமாஅத்துக்குத் தெரிந்துவிடும், ஹஜ்ரத். மறைக்க வேண்டிய பாவத்தை நாமே வெளியிட்டதாகாதா?" என்பது அவருடைய அச்சம். பையனின் பழக்கம் எதுவென்று கேட்டோம். குடிதான் என்றார். பூட்டிய கதவுக்குள் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அவரிடம் விடையில்லை. ஓதிக் கொடுத்தோம், அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் உடன் சென்றோம். மருத்துவரிடம் நோயைச் சொல்வது பாவத்தைப் பறைசாற்றுவது ஆகாது என்று வழியெல்லாம் அவருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

சட்டமும் அவ்வச்சத்தை ஓரளவு அறிந்தே வைத்துள்ளது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால் அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். இப்னு ஹஜர் அவர்களின் விடையும் இதே கட்டுமானமுடையது என்பதை ஃபிக்ஹு பயின்றவர் எளிதில் காண்பர்.

ஜமாஅத்துக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்துக்கு விடையோ புகாரியின் தண்டனைகள் பாடத்தில் இருக்கின்றது. நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவரான அப்துல்லாஹ் என்னும் நபித்தோழர், குடித்த குற்றத்துக்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் கூறினார்கள். தண்டனை நிறைவேறியது, சபை அவரை இழக்கவில்லை. அந்தத் தந்தையை மீண்டும் சந்தித்தபோது, மகன் பட்டறைக்குப் போகிறான், ஜும்ஆவுக்கு மட்டும் வரக் கூசுகிறான் என்றார். முதல் ஸஃப்பில் நமக்கு அருகில் இடம் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினோம்.