"தோட்டக்காட்டான்" என்று சொல்லுமுன்...

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் கொட்டாஞ்சேனையில் ஒரு கடை. சாமான் எடுத்துத் தரச் சுணங்கிய பையனைப் பார்த்து ஒருவர் "தோட்டக்காட்டான்" என்றார். என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கு. தலையைக் குனிந்துகொண்டான். நானும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சாப்பாடு. சில வருடங்களில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 இலட்சம் பேர் கப்பலேறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. வழியில் செத்தவர்கள் ஏராளம். 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர் வந்தது. இறங்கிய இடத்திலும் மரியாதை இல்லை. கால்வாய் வெட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். "அயர்லாந்துக்காரர் வேண்டாம்" என்று வேலை விளம்பரங்களில் எழுதினார்கள்.

அதே காலத்தில் தென்னிந்தியாவில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் தாங்காத சனங்கள் கங்காணிமாருக்குப் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. முதலில் கோப்பி, அதை நோய் அழித்த பிறகு தேயிலை. நம் கொழும்புத் துறைமுகம் செழித்தது அந்த மூட்டைகளாலும் பெட்டிகளாலும்தான்.

இதுவரை இரண்டும் ஒரே கதை. பிரிவது வாக்குரிமையில்.

அமெரிக்காவில் ஐந்து வருடம் வசித்த வெள்ளையர் பிரசையாகலாம். கறுப்பின மக்களுக்கு அந்தக் கதவு அன்று மூடியே இருந்தது, அயர்லாந்துக்காரருக்குத் திறந்தது. வாக்குப் போட்டார்கள். நியூயோர்க், பொஸ்டன் நகர நிர்வாகங்களில் ஏறினார்கள். பஞ்ச காலத்தில் போனவர்களின் கொள்ளுப்பேரன் கென்னடி 1960இல் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

இங்கே? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. 1948இல் நாட்டுக்குச் சுதந்திரம். அதே வருடம் வந்த சட்டத்தால் மலையக மக்களுக்குப் பிரசாவுரிமை போனது. 1949இல் வாக்கும் போனது. 1952 பாராளுமன்றத்தில் அவர்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்காதீர்கள். இங்கே கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அன்று பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

"உழைத்து முன்னேறியவர்கள்" என்று ஐரிஷ் அமெரிக்கரைப் புகழ்கிறோம். மலையகத்தார் உழைக்கவில்லையா? இல்லாமல் போனது உழைப்பல்ல, உரிமை.

ஐரிஷ் வம்சத்தினர் இன்று அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இவர்களும் தங்களுக்கு ஒரு பெயரைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்: மலையகத் தமிழர். 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். நாமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுவோம்.

நாளைக்கு அந்தக் கடைக்குப் போவேன், இன்ஷா அல்லாஹ். முதலில் அந்தப் பையனின் பெயரைக் கேட்க வேண்டும்.