மார்கழிக்கு வெளியே

யுனெஸ்கோ 2017இல் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. முட்டுக்காட்டிலிருந்து கடற்கரைச் சாலையில் பேருந்தேறி ஆண்டு முழுக்க அந்நகரத்துக்குப் போய்வருகிறவள் நான். அங்கே பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் நாகசுரம் கேட்கும். ஆடியில் அம்மன் கோயில் வாசல்களில் பம்பையும் உடுக்கையும். வடசென்னைச் சாவு வீடுகளின் கானாவுக்கு மாதக் கணக்கே கிடையாது. 'சீசன்' என்ற பெயர் மட்டும் மார்கழிக்கு.

அந்தச் சீசனுக்கு வயது அதிகமில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதமி தோன்றியது. அதே காலத்தில் ஜார்ஜ் டவுனில், வெள்ளிக்கிழமை மாலைகளில், வீணை தனம்மாள் தம் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். பெரிய வித்துவான்கள் அந்த வீடு தேடி வந்து கேட்டார்கள். இந்த நகரத்துக்குச் செவிப்பழக்கம் தந்தவை அகாதமி மேடைக்கு முந்திய இத்தகைய கூடங்கள்தாம் என்பது என் எண்ணம். அகாதமியின் சங்கீத கலாநிதி விருதோ 1968இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, வந்தது. தனம்மாளின் பேத்திகளில் பாலசரஸ்வதி 1973இலும் பிருந்தா 1976இலும் அதைப் பெற்றார்கள். பாட்டி 1938இலேயே போய்விட்டார்.

இடையில் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம்தான். அதற்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். ஆனால் அந்தப் பெண்களின் பதங்களையும் ஜாவளிகளையும் வாங்கிக்கொண்ட மேடைகள், பாடியவர்களுக்கு எவ்வளவு இடம் விட்டன?

பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த இடத்தைக் கேட்டு நிற்கவில்லை. அவரும் சென்னையில் புகழோடு பாடியவர். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவி முத்துபழனியின் தெலுங்குக் காவியம் முன்பு வெட்டுப்பட்டு அச்சானது கண்டு, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடை போட்டது. விடுதலைக் காலத்தில்தான் தடை நீங்கியது. (ஒரு பெண் தன் ஆசையை எழுதியதும், இன்னொருத்தி அதை அச்சிட்டதும்! இரண்டுமே குற்றமாகத் தெரிந்திருக்கின்றன.) திருவையாற்றில் தியாகராஜர் சமாதி புதர் மண்டிக் கிடந்தபோது தம் கைப்பணத்தில் நினைவாலயம் எழுப்பினார், 1925இல் குடமுழுக்கு ஆனது. எழுப்பியவருக்கே ஆராதனையில் பாட அனுமதியில்லை. ஆண் வித்துவான்களின் கட்சிகள் அதை நடத்தின. அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின.

மார்கழி முடிந்து சபா கேண்டீன்கள் காலியானதும், தையில் கூட்டம் திருவையாற்றுக்கு நகர்கிறது. காவிரிக்கரைப் பந்தலில் இப்போது ஆணும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். 1952இல் மறைந்த நாகரத்தினம்மாள் பக்கத்திலேயே, தாம் எழுப்பிய ஆலயத்தைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறார்.