சோழவரம் முதல் லெ மான்ஸ் வரை: யார் பெரிய ரேஸர்?

விடுதி டி.வி. அறையில் 2006-ல் ஆரம்பித்த ஒரு சண்டை இன்னும் தீரவில்லை. அந்த வருஷ உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயம் வாலன்சியாவில் நடந்தது. புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்த வாலன்டினோ ரோசி வழுக்கி விழ, நிக்கி ஹேடன் வெறும் 5 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அறையில் பாதிப் பேர் அன்று மெஸ்ஸுக்கே போகவில்லை. துக்கம் தீர்ந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. விழுந்தாலும் ரோசிதான் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்று ஒரு கோஷ்டி. அதே இத்தாலியின் ஜியாகோமோ அகோஸ்டினி வாங்கிய 15 உலகப் பட்டங்களை முதலில் தொடட்டும் பார்க்கலாம் என்று இன்னொரு கோஷ்டி. சென்ற முறை கூடியபோதும் பிரியாணி ஆறிப்போகும் வரை இதே பேச்சுதான். "பேசினது போதும், எழுதிக் கொடு" என்று விழா மலர்க் குழுவினர் தலையில் கட்டிவிட்டார்கள். எனவே இக்கட்டுரை.

வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் வேலை சுலபம். உலகப் பந்தயங்களில் அகோஸ்டினி 122 வெற்றி, ரோசி 115. பட்டங்கள் 15-க்கு 9. மார்க் மார்க்கெஸ் 2025-ல் தன் ஒன்பதாவது பட்டத்தை வென்று ரோசியை எட்டிப் பிடித்தார். ஆனால் அகோஸ்டினி காலத்தில் ஒரே நாளில் 350 சி.சி., 500 சி.சி. என்று இரண்டு பந்தயம் ஓட்டலாம், இரண்டிலும் வெல்லலாம். ஹோண்டா 1967-க்குப் பிறகு களத்தைவிட்டு விலகியதும், அவருடைய எம்.வி. அகஸ்டாவுக்குப் பல வருஷம் ஈடுகொடுக்க ஆளே இல்லை. அதற்கு முன்? 1967-ல் 500 சி.சி.யில் அகோஸ்டினியும் மைக் ஹெயில்வுட்டும் ஆளுக்கு 5 வெற்றி, புள்ளியும் சமம். இரண்டாம் இடங்களை எண்ணித்தான் அகோஸ்டினிக்குப் பட்டம் கொடுத்தார்கள். இத்தனைக்கும் ஹெயில்வுட் ஓட்டிய ஹோண்டா, வளைவில் சொன்னபடி கேட்காத வண்டி என்று பெயர் எடுத்தது.

சரி, வேகத்தை வைத்து ஒப்பிடலாமா? இங்கே நம் முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்பை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். (அந்த வகுப்பில் தூங்கியவர்கள் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொள்ளவும்.) வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 45 டிகிரி சாய்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 100 கி.மீ. வேகத்தில் போகலாம். அதே வளைவில் 60 டிகிரி சாய்ந்தால் 132 கி.மீ. இன்றைய மோட்டோ ஜிபி வண்டிகள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கின்றன. அறுபதுகளின் ஒல்லி டயரில் அப்படிச் சாய்த்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆக, அந்த 32 கி.மீ.யில் பெரும்பங்கு ரப்பர் செய்தவனுக்குச் சேரும், ஓட்டினவனுக்கு அல்ல.

ஓட்டும் பாணி மாறியதற்கும் இதேதான் காரணம். அகோஸ்டினி காலத்துப் படங்களைப் பாருங்கள். முட்டி டாங்கை ஒட்டியிருக்கும், உடம்பும் வண்டியும் ஒரே கோட்டில் சாயும், பார்க்க ரொம்ப நாகரிகமாக இருக்கும். டயர் அகலமாக ஆக, அது தரையைத் தொடும் இடம் வளைவின் உட்பக்கம் நகர்ந்தது. அதனால் அதே வேகத்துக்கு வண்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டி வந்தது. உடம்பை வெளியே இறக்கி உட்பக்கம் தொங்கினால் அந்தக் கூடுதலைக் குறைக்கலாம். பனிக்கட்டியின் மேல் வண்டி ஓட்டிப் பழகிய பின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் அப்படி ஓட்டியவர்களில் முன்னோடி. 1972-ல் 250 சி.சி. உலகப் பட்டம் வென்றவர், மறு வருஷமே மோன்சாவில் ரென்சோ பசோலினியுடன் சேர்ந்து இறந்துபோனார். பிறகு வந்த அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், மண் தடத்தில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே பழகியவர். முட்டியைத் தரையில் உரசி 1978, 79, 80 என்று மூன்று பட்டம் வாங்கினார். இன்று மார்க்கெஸின் முழங்கையே தரையில் உரசுகிறது.

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எங்கள் செட் வண்டிகளெல்லாம் அவரிடம்தான் போகும். எண்பதுகளில் இங்கிருந்து பஸ் பிடித்து மெட்ராஸ் போய், சோழவரம் ரேஸில் தெரிந்தவர்களின் வண்டிக்கு ஸ்பேனர் பிடித்தவர். ரோசியா அகோஸ்டினியா என்று நான் ஒருநாள் அவரிடம் கேட்டபோது, கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே, "எந்த வண்டில தம்பி?" என்றார். அவ்வளவுதான், வேறு பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கேள்வி. வண்டி மாறினபோது யார் தாக்குப்பிடித்தார்கள்? எம்.வி. அகஸ்டாவின் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வென்றவர் என்று கேலி பேசப்பட்ட அகோஸ்டினி, 1974-ல் யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறி, அடுத்த வருஷமே 500 சி.சி. பட்டம் வாங்கினார். அந்தப் பிரிவில் டூ ஸ்ட்ரோக் வண்டியில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஹெயில்வுட் 1967-க்குப் பிறகு கார் பக்கம் போய்விட்டு, 11 வருஷம் கழித்து, 38 வயதில், 1978-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்குத் திரும்பிவந்து டுகாட்டியில் ஜெயித்தார். ஒரு சுற்றே 60 கி.மீ.; வீட்டுச் சுவரும் தந்திக் கம்பமும் இரண்டு பக்கமும் நிற்கும் ஊர் ரோடு அது. ரோசி 2001-ல் 500 சி.சி. டூ ஸ்ட்ரோக்கில், 2002-ல் 990 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கில், 2004-ல் ஹோண்டாவை உதறிவிட்டு, தோற்றுக்கொண்டிருந்த யமஹாவில் ஏறி முதல் பந்தயத்திலேயே வெற்றி. ஆனால் அதே ரோசி 2011, 2012 இரண்டு வருஷமும் டுகாட்டியில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அந்த டுகாட்டியில்தான் கேசி ஸ்டோனர் 2007-ல் பட்டம் வென்றிருந்தார். மொத்தம் 23 வெற்றி. ரோசி ரசிகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எங்கள் பேட்சில் ஒருவன் மட்டும் இந்த இரண்டு கோஷ்டியிலும் சேர மாட்டான். அவன் கட்சி மிக் டூஹன். காரணம் உண்டு. மூன்றாம் ஆண்டில் ஈ.சி.ஆர். வளைவொன்றில் முட்டியைத் தரையில் தொட்டுக் காட்டுகிறேன் என்று போனான். ரோட்டில் கடற்கரை மணல். டூஹன் 1992-ல் அசென் பயிற்சியில் விழுந்து, கால் போய்விடுமோ என்ற நிலைக்கு வந்து, அந்த வருஷப் பட்டத்தை 4 புள்ளியில் இழந்தவர். வலது கணுக்கால் மடங்காது, பின் பிரேக்கை மிதிக்க முடியாது. இடது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் பிரேக்கைப் பொருத்திக்கொண்டார். 1994 முதல் 1998 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து பட்டம். 1997-ல் 15 பந்தயத்தில் 12 வெற்றி. அதுவும் கம்ப்யூட்டர் எதுவும் காப்பாற்றாத 500 சி.சி. டூ ஸ்ட்ரோக்கில். ஆக்சலேட்டரை ஒரு நூல் அதிகம் திருப்பினால் ஆளை ஆகாசத்தில் தூக்கி எறியும் வண்டி. நண்பனின் வலது கணுக்காலும் இன்று மடங்காது. அவன் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறான். டூஹனைப் பற்றி அவன் பேசும்போது நாங்கள் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

இனி நம்ம ஊர்க் கதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதுவே பல பத்தாண்டுகள் தென்னாட்டின் ரேஸ் மைதானம். விமானத்துக்காகப் போட்ட தளத்தில் என்ன இருக்கும்? நீளமான நேர்ப்பாதை, முடிவில் திடீரென்று ஒரு மடக்கு. மெக்கானிக் சொல்வார்: நேர்ப்பாதையில் விரட்டிக்கொண்டு வந்து மடக்கில் பிடித்தால், நாலு சுற்றில் டிரம் பிரேக் சூடேறி லிவர் கைப்பிடி வரை வந்துவிடுமாம். அதைவிடப் பயம் பிஸ்டன் பிடித்துக்கொள்வது. ஜாவா, எஸ்டி, பிறகு 1983-ல் வந்த ராஜ்தூத் 350, 1985-ல் வந்த ஆர்.எக்ஸ்.100 எல்லாமே டூ ஸ்ட்ரோக். முழு வேகத்தில் பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டு போட்ட மாதிரி நின்றுவிடும். அதனால் ஓட்டுபவர் இடது கையில் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் லிவரின் மேல் வைத்திருப்பார். எஞ்சின் சத்தத்தில் லேசாக ஒரு மாற்றம் கேட்டால் அந்த நொடியே கிளட்சைப் பிடிக்க வேண்டும். காதால் ஓட்டிய தலைமுறை அது.

அந்தத் தலைமுறையில் பெயர் வாங்கியவர் சென்னையின் ஆர். ஏ. அப்துல்லா. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று கட்டிய 3.7 கி.மீ. தடம் 1990-ல் வந்தபின் ஆட்டமே மாறியது. 12 வளைவுகள். இங்கே விரட்டுவதைவிட வளைப்பதுதான் வித்தை. அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் போட்டியிட்டது இந்தத் தடத்துத் தலைமுறையில்தான். பலமுறை தேசிய சாம்பியன்களான ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்றவர்கள் தயாரானதும் இங்கேதான். அப்பாவையும் மகளையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவீர்கள்? ஓடுதளத்தில் பிரேக் இல்லாமல் நிறுத்தத் தெரிந்தது பெரிதா, 12 வளைவையும் ஒரே கோட்டில் கோக்கத் தெரிந்தது பெரிதா?

இவர்களை ரோசி, மார்க்கெஸுடன் ஒப்பிடலாமா என்று கேட்டால், மெக்கானிக்கின் கேள்வியைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். எந்த வண்டியில்? 2011-ல் சென்னைப் பையன் சரத் குமார் 125 சி.சி. உலகப் பந்தயத்தில் இறங்கினார்; அந்தச் சாம்பியன்ஷிப்பில் போட்டியிட்ட முதல் இந்தியர். புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. அதே வருஷம் அதே பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தவர் பிரான்சின் யோஹான் சார்கோ. அந்த சார்கோ 2025 மே மாதம் லெ மான்ஸில், மழையில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் மோட்டோ ஜிபி ஜெயித்தார். பிரெஞ்சு மண்ணில் ஒரு பிரெஞ்சுக்காரர் தலைமைப் பிரிவில் ஜெயிப்பது 1954-ல் பியர் மொன்னரேவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1954 நமக்கும் மறக்க முடியாத வருஷம்தான். அந்த நவம்பரில்தான் பிரெஞ்சுக் கொடி இங்கே இறங்கியது. சார்கோவுக்கும் சரத்துக்கும் இடையில் இருந்தது திறமையின் தூரம் மட்டும்தானா? சிறு வயதில் ஏறிப் பழக ஒரு சின்ன ரேஸ் வண்டி, வாரா வாரம் ஓட்ட ஒரு தடம், விழுந்தால் செலவைத் தாங்க ஒரு குழு. ஐரோப்பியப் பையனுக்குப் பத்து வயதுக்கு முன்பே கிடைப்பது நம்ம பையனுக்கு வேலைக்குப் போகும் வயதில்தான் கிடைத்தது. கிடைத்த பிறகு அவன் எவ்வளவு தூரம் வந்தான் என்று அளந்தால் கணக்கு வேறு மாதிரி வரும் என்பது என் கட்சி.

இதற்கு டக்கார் பந்தயம் ஒரு சாட்சி. 1978 டிசம்பர் 26-ல் பாரிஸிலிருந்து முதல் முறையாகக் கிளம்பிய அந்தப் பாலைவனப் பந்தயத்தில், பைக் பிரிவில் ஆறு தடவை வென்ற பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் பீட்டர்ஹான்செல். அங்கே தடமே கிடையாது. ஒரு கையேட்டைப் பார்த்து மணலில் வழி கண்டுபிடித்து, நாள் முழுக்க, இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். வேகத்தோடு பொறுமையும் வழி பார்க்கும் புத்தியும் சேர்ந்த வேறொரு கலை. பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் 2015-ல் அதை முடித்த முதல் இந்தியர், 36-வது இடம். 2019-ல் கே. பி. அரவிந்த் 37-வது. 2024-ல் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 11-வதாக வந்து, ராலி 2 பிரிவில் முதலிடமே பிடித்தார். ஒன்பது வருஷத்தில் 36-லிருந்து 11! ஹரித் ஓட்டிய வண்டி, பிரான்சின் நீம் நகரத்து ஷெர்கோவும் நம் ஓசூர் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்திய குழுவினுடையது. டி.வி.எஸ். பந்தயக் குழு தொடங்கியது 1982-ல். வண்டியும் குழுவும் சரியாக அமைந்தால் நம் ஆட்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

என் வரிசையைக் கேட்டுத் தொந்தரவு செய்பவர்களுக்கு: ஹெயில்வுட், டூஹன், பிறகு ரோசி. அகோஸ்டினி கோஷ்டி என்னை மன்னிக்காது. நம் பக்கத்தில் வரிசை போட எனக்குத் துணிவில்லை. காரணம், சோழவரத்தில் ஓட்டியவர்களில் பலரின் ஓட்டத்தைக் காட்டும் ஒரு படம்கூட என் கண்ணில் பட்டதில்லை. அகோஸ்டினியின் ஒவ்வொரு வளைவுக்கும் பிலிம் இருக்கிறது. நம்மவர்களின் வளைவு எங்கள் மெக்கானிக் போன்றவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்று கியரே இல்லாத ஸ்கூட்டரில் போகும்போதும், இடது கையில் இரண்டு விரல் லிவரின் மேலேயே இருக்கிறது. அங்கே இருப்பது கிளட்ச் அல்ல, பிரேக் என்று சொன்னால் சிரிப்பார்.

முதல் சில பேட்ச் சீனியர்களில் சோழவரம் போய் வந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். பழைய ஆல்பத்தில் ஒரு படம், ஒரு டிக்கெட், நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட ஒரு தாள் கிடைத்தாலும் சரி, கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துகொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.