வெள்ளிப் பொருள்களின் முத்திரைகளும் பிறப்பிட ஆய்வும்

1. முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவற்றின் எழுத்துகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வது ஆய்வுலகில் நிலைபெற்ற மரபாகும். பழைய வெள்ளிப் பாத்திரங்களின் அடிப்பகுதியிலும் கரண்டிக் காம்புகளின் பின்புறத்திலும் நெல்மணியளவில் பொறிக்கப்பெற்றுள்ள குறிகளும் இத்தகைய சான்றுகளே. பொருள் எங்கே செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது, யாருடைய பொறுப்பில் செய்யப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் இக்குறிகள் விடை கூறுகின்றன. எனினும் அவ்விடையை எல்லா இடத்தும் ஒரே வகையில் ஏற்றல் இயலாது. முத்திரையின் பின்னே நிற்கும் சட்டம் எவ்வளவு வலிமையுடையதோ அவ்வளவே அதன் சான்று வலிமையும் அமையும். இக்கருத்தை ஆங்கில முத்திரைகளையும், ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்திய முத்திரைகளையும் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழகத்தில் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்தோர் வண்ணக்கர் எனப்பட்டனர். உரைகல்லில் மாற்றுக் காணும் தொழில் இந்நாட்டிற்குப் புதியதன்று. நோட்டத்தின் முடிவை அப்பொருளின் மீதே அழியாதபடி பொறித்துவைத்ததுதான் ஐரோப்பிய முத்திரை முறையின் தனிச்சிறப்பு எனலாம்.

2. ஆங்கில முத்திரையின் உறுப்புகள்

1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் இயற்றிய சட்டம், வெள்ளிப் பொருள்கள் ஆயிரத்திற்கு 925 பங்கு தூய வெள்ளி உடையனவாக இருத்தல் வேண்டும் என்றும், சோதித்த பொருளில் சிறுத்தைத் தலை பொறிக்கப்பெற வேண்டும் என்றும் விதித்தது. 1363ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பொற்கொல்லரும் தமக்கெனத் தனி முத்திரை கொள்ளுதலைக் கட்டாயமாக்கியது. 1478ஆம் ஆண்டில் ஆண்டெழுத்து வந்தது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் பொறிக்கப்பெற்றதனால் இம்முத்திரை 'ஹால்மார்க்', அதாவது மண்டப முத்திரை, எனப் பெயர் பெற்றது. 1544 முதல் நடக்கும் சிங்க உருவமும் இவற்றுடன் சேர்ந்தது.

ஊரைக் காட்டும் குறிகள் தனித்தனியானவை. சிறுத்தைத் தலை லண்டனையும், கோட்டை எடின்பரோவையும், முடிசூடிய யாழ் டப்ளினையும் குறிக்கும். 1773ஆம் ஆண்டில் சோதனைச் சாலை பெற்ற பர்மிங்காம் நங்கூரத்தையும், ஷெஃபீல்டு மணிமுடியையும் கொண்டன. ஷெஃபீல்டின் மணிமுடி 1975ஆம் ஆண்டில் ரோசாவாக மாற்றப்பட்டது. 1784ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளிப் பொருளுக்கு வரி செலுத்தியமைக்கு அடையாளமாக ஆளும் மன்னரின் தலை பொறிக்கப்பெறலாயிற்று. 1890இல் வரி நீக்கப்பட்டபோது அக்குறியும் நீங்கியது. 1697 முதல் 1720 வரை தரம் 958ஆக உயர்த்தப்பட்டு, சிங்கத்திற்குப் பதிலாகப் பிரித்தானியா என்னும் பெண்ணுருவம் பொறிக்கப்பெற்றது. நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுப்பதே இம்மாற்றத்தின் நோக்கம்.

3. முத்திரையைப் படிக்கும் முறை

இக்குறிகளுள் எதுவும் தனித்து நின்று முழுப்பொருள் தருவதில்லை. ஒன்றன் பொருளை மற்றொன்று வரையறுக்கும். லண்டனின் ஆண்டெழுத்து இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கு 'ஜே' நீங்கலாக 'ஏ' முதல் 'யூ' வரையுள்ள இருபது எழுத்துகள் ஆண்டுக்கு ஒன்றாக வழங்கின. இருபது ஆண்டு நிறைந்ததும் எழுத்தின் வடிவமோ அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாற்றப்பட்டது. சிற்றெழுத்து 'ஏ' 1776ஆம் ஆண்டிற்கும் உரியது. 1816ஆம் ஆண்டிற்கும் உரியது. சிறுத்தைத் தலை இவ்விரு ஆண்டுகளிலும் முடியுடன் காணப்படுவதால் (முடி நீங்கியது 1821இல்) அதனைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. மன்னர் தலை இருப்பின் அது 1784க்குப் பிற்பட்டதாதல் வேண்டும். எனவே 1816 எனத் துணியலாம். மன்னர் தலை இல்லாவிடின் 1776 எனக் கொள்வது பொருந்தும். ஒரு சிறு குறியின் உண்மையும் இன்மையும் நாற்பது ஆண்டுக்கால வேறுபாட்டைத் தீர்த்துவைக்கின்றன.

ஊர்க்குறியை முதலில் துணியாமல் ஆண்டெழுத்தைப் படித்தலும் பிழைக்கு இடமாகும். ஒவ்வொரு சோதனைச் சாலையும் தனக்கெனத் தனி வரிசை கொண்டிருந்தது. ஷெஃபீல்டில் 1824 வரை எழுத்துகள் அகரவரிசையிற்கூட வழங்கவில்லை.

4. பொய்ச்சான்றுகள்

சட்டம் காக்கும் முத்திரையிலும் வஞ்சனை உண்டு. 1720 முதல் 1758 வரை எடைக்கேற்ப வரி விதிக்கப்பட்டபோது, பொற்கொல்லர் சிலர் சிறு பொருளொன்றைச் சோதனைக்கு அனுப்பிக் குறைந்த வரி செலுத்தினர். பின்னர் அதன் முத்திரைப் பகுதியை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்தனர். அத்தகைய பாத்திரத்தின் மீது வாயால் ஊதினால் பற்றுவைத்த விளிம்பு மெல்லிய கோடாகப் புலப்படும். இங்கு முத்திரை மெய். பொருளே அதற்கு உரியதன்று.

இரண்டாம் வகை, முத்திரையே போலியாதல். 19ஆம் நூற்றாண்டில் சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் மேனாட்டார்க்கென வெள்ளிப் பொருள் செய்தோர் சிங்கம், சிறுத்தைத் தலை, மன்னர் தலை ஆகியவற்றைப் போன்ற குறிகளைப் பொறித்தனர். அவற்றில் சிங்கம் உருக்குலைந்திருக்கும். ஆண்டெழுத்து பல ஆண்டுப் பொருள்களிலும் மாறாமலிருக்கும். மாறவேண்டிய குறி மாறாதிருத்தலே போலியைக் காட்டிக்கொடுக்கும்.

5. இந்தியாவில் செய்த வெள்ளி

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்திலும், 1858க்குப் பிற்பட்ட அரசின் காலத்திலும் இந்தியாவில் வெள்ளிப் பொருள்களுக்குக் கட்டாயச் சோதனை முத்திரை முறை ஏற்படுத்தப்படவில்லை. ஆதலின் இங்குக் காணப்படும் குறிகள் வணிக நிறுவனங்கள் தாமே இட்டுக்கொண்டவை. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் தன் பெயரெழுத்துகளுடன் யானை உருவத்தையும் ஆங்கில எழுத்தையும் பொறித்தது. வரிசையாக அமைந்த இக்குறிகள் ஆங்கில முத்திரையின் தோற்றத்தைத் தரும். அவற்றின் பின்னே சோதனைச் சாலையோ சட்டமோ இல்லை.

சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தேநீர்க் கலம், பால் குவளை முதலிய மேனாட்டுப் பாத்திரங்களில் தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்து விற்றனர். 'சுவாமி' வேலைப்பாடு எனப்பட்ட இவ்வகை, 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவிற்கு வந்தபின் பெரும்புகழ் பெற்றது. இப்பொருள்களின் அடியில் நிறுவனத்தின் பெயர் உள்ளது. சுத்தியும் சிற்றுளியும் கொண்டு அத்தெய்வ உருவங்களைச் சமைத்த கம்மியரின் பெயர் இல்லை. முத்திரையை மட்டும் படிப்பவர் இவற்றை ஆங்கில நிறுவனத்தின் படைப்பாகவே கொள்வர். வேலைப்பாட்டைப் படிப்பவர் தென்னிந்தியக் கோயிற்கலை மரபின் கைகளை அவற்றிற் காண்பர். இதற்கு மாறாக, கட்சு நாட்டின் பூஜ் நகரத்து ஊமர்சி மாவ்ஜி தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஊர்ப்பெயரையும் தாமே பொறித்தார். அதனால் அவர் பெயர் இன்றும் அறியப்படுகிறது.

முத்திரை உதவாவிடத்து உலோகம் உதவும். 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் தூய வெள்ளி 165 கிரெயின், அதாவது ஆயிரத்திற்கு ஏறத்தாழ 917 பங்கு. ரூபாயை உருக்கிச் செய்த பாத்திரம் 925 என்னும் ஆங்கிலத் தரத்தினும் சற்றுக் குறைந்து நிற்கும். ஊடுகதிர்க் கருவிகள் இன்று பொருளைச் சிதைக்காமல் இதனை அளக்கின்றன. ஆயினும் அவை மேற்பரப்பையே அளப்பதாலும், துலக்குதலால் மேற்பரப்பில் வெள்ளி மிகுந்து காணப்படக்கூடும் ஆதலாலும், இச்சான்றையும் பிறவற்றுடன் சேர்த்தே கொள்ளுதல் வேண்டும்.

6. முடிவுரை

ஆங்கில முத்திரை சட்டத்தின் வாக்குமூலம். ஆங்கிலேயர் கால இந்திய முத்திரை வணிகரின் வாக்குமூலம். முன்னதைக் குறிகளின் ஒப்புமையால் துணியலாம்; பின்னதற்கு வடிவம், வேலைப்பாடு, உலோகத் தரம் ஆகியவற்றின் துணையும் தேவை. இந்தியத் தர நிறுவனம் பொன்னுக்கு 2000இலும் வெள்ளிக்கு 2005இலும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட வெள்ளிப் பொருள்களை அருங்காட்சியகங்கள் பட்டியலிடும்போது, விற்ற நிறுவனத்தின் பெயரைச் 'செய்தவர்' என்னும் தலைப்பின்கீழ் எழுதுதல் பொருந்தாது. 'முத்திரையிட்டவர்' எனக் குறித்து, செய்தவரின் இடத்தை வெறுமையாக விடுதலே நேர்மையாகும். அவ்வெற்றிடம் பெயரறியாக் கம்மியரை ஆய்வாளர்க்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும்.