விருந்தினர் இயந்திரங்களின் நலம் பார்க்கும் தொழில்

ஒரு பெரிய கணினியைப் பல சிறு கணினிகளாகப் பகுத்து இயக்கும்போது, ஒவ்வொரு பகுதியும் தன்னை ஒரு முழுக் கணினியாகவே கருதி ஓடும். பகுத்துக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். அதைத் தாங்கும் பெட்டி புரவலர்; உள்ளே ஓடும் இயங்குதளமும் அதன் மேல் ஏற்றிய செயலிகளும் விருந்தினர். விருந்தினர் ஓடுகிறதா என்பதைப் புரவலர் எந்த நேரமும் சொல்லிவிடும். நலமாக இருக்கிறதா என்று கேட்டால் தடுமாறும். பூட்டிய அறையில் விளக்கு எரிவது கதவிடுக்கில் தெரிகிறது. உள்ளே இருப்பவர் விழித்திருக்கிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்பது தெரிவதில்லை. இந்த இடைவெளியை அடைக்க அறுபது ஆண்டுகளாக எடுத்த முயற்சிகளிலிருந்து ஒரு தனித் தொழில் உருவானது. இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் அது வேரூன்றியது உள்நாட்டுப் போர் முடிந்த பிறகுதான். மின்சாரம் நின்று நின்று வரும் மண்ணில் அதன் அருமை இன்னும் கூடுதலாகப் புலப்பட்டது.

தொடக்கம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில். அங்கிருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசியின் குழு உருவாக்கிய சிபி-40 என்ற முறைமை 1967 தொடக்கத்தில் பாவனைக்கு வந்தது. ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை ஓடின. அடுத்து சிபி-67 வந்தது. 1972 ஓகஸ்ட் 2ஆம் திகதி விஎம்/370 அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நலம் பார்க்கத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் முன்னாலும் ஒரு மனிதர் முனையத்தில் உட்கார்ந்திருந்தார். இயந்திரம் உறைந்தால் முதலில் அறிபவர் அவர். தாமே ஒரு கட்டளை அடித்து அதை மீண்டும் தொடக்கிவிடுவார்.

ஆளில்லாமல் ஓடும் இயந்திரங்கள் வந்ததும் இந்த நிலை மாறியது. கோப்புகளைத் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்புவது போன்ற வேலைகளுக்கென முனையத்திலிருந்து துண்டித்து விடப்பட்ட சேவை இயந்திரங்கள் பெருகின. அவற்றில் ஒன்று நின்றுபோனால் கவனிக்க ஆளில்லை. ஐபிஎம் முறைமையில் இதற்கு ஒரு கடுமையான விதி இருந்தது: துண்டித்து விடப்பட்ட இயந்திரம் யாராவது விசை தட்டுவார் என்று காத்து நின்றாலோ, மீள முடியாத நிலையில் விழுந்தாலோ, 15 நிமிடத்தில் அது வெளியேற்றப்படும். பின்னாளில் விருந்தினரே புரவலரிடம் பேச வழி பிறந்தது. விஎம்/370இன் வழிவந்த இஸட்/விஎம்மில் லினக்ஸ் ஓடும்போது, டயக்னோஸ் 288 என்ற அழைப்பால் ஒரு கடிகாரத்தை முடுக்கிவிடலாம். அதன் பெயரே ‘நேரக்குண்டு’. குறித்த நேரத்துக்குள் விருந்தினர் அதைத் திருப்பி வைக்க வேண்டும். வழக்கமான கெடு 30 வினாடி, மிகக் குறைந்தது 15. தவறினால், முன்கூட்டியே குறித்து வைத்த கட்டளையைப் புரவலர் நிறைவேற்றும். பெரும்பாலும் அது மறுதொடக்கம். விருந்தினர் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, மௌனமானால் போதும் என்ற இந்தக் கருத்து இன்றுவரை அழியவில்லை.

சிறு கணினிகளின் உலகுக்கு மெய்நிகராக்கம் தாமதமாகத்தான் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1997இல் டிஸ்கோ ஆய்வு வெளியானது. அதில் பங்கெடுத்தவர்கள் 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2001இல் சேர்வர்களுக்கான அதன் ஹைப்பர்வைசர் இஎஸ்எக்ஸ் வந்தபோது, ஒரே பெட்டியில் பல அலுவலகங்களின் வேலை குவிந்தது. வெளியிலிருந்து பார்ப்பது எவ்வளவு குறைபாடானது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சிபியு பாவனை பூச்சியம் என்றால் இயந்திரம் ஓய்வாகவும் இருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். நூறு என்றால் கடும் உழைப்பாக இருக்கலாம். முடிவில்லாச் சுழற்சியில் சிக்கியும் இருக்கலாம். வட்டு இதைவிட மோசம். புரவலருக்குத் தெரிவது 40 ஜிகாபைட் ஒதுக்கியது மட்டும். உள்ளே பதிவுக் கோப்பு வளர்ந்து வளர்ந்து கடைசி இடத்தையும் விழுங்கி, தரவுத்தளம் எழுத முடியாமல் நின்றாலும் புரவலரின் திரையில் பச்சை நிறமே எரியும்.

எதிர்த்திசையிலும் குருடு உண்டு. புரவலர் மற்ற விருந்தினர்களுக்கு நேரத்தைப் பகிர்ந்து கொடுக்கையில், ஒரு விருந்தினர் காத்துக் கிடப்பதை அதன் சொந்தக் கணக்கு பல வேளை ‘மந்தம்’ என்று மட்டுமே காட்டும். லினக்ஸில் திருடப்பட்ட நேரம் என்றொரு தனிக் கணக்கு சேர்ந்த பிறகே, குறை தன்னிடமா அயலிடமா என்று விருந்தினரால் பிரித்தறிய முடிந்தது.

தீர்வாக வந்தது முகவர். விருந்தினருக்குள் நிறுவும் ஒரு சிறு செயலி, சீராகத் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். விஎம்வேர் 2009இல் வெளியிட்ட விஸ்பியர் 4இல் இது முழு வசதியாக அமைந்தது. துடிப்பு நின்றால் உடனே கொல்வதில்லை. உணர்திறனை உச்சத்தில் வைத்தால் 30 வினாடி பொறுக்கும். நடுத்தரம் 60, குறைவு 120. அதன் பின்னும் ஒரு சோதனை: கடந்த 120 வினாடிகளில் அந்த விருந்தினர் வட்டையோ வலையமைப்பையோ தொட்டதா என்று பார்க்கும். தொட்டிருந்தால், முகவர் மட்டுமே செத்திருக்கலாம் என்று விட்டுவிடும். எந்த அசைவும் இல்லாவிட்டால், திரையில் அந்தக் கணம் தெரிந்ததைப் படமாகப் பிடித்து வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யும். இந்தப் படம் பிடிக்கும் ஏற்பாடு நல்ல கைவினைஞரின் யோசனை. காலையில் வரும் நிர்வாகிக்கு, இரவில் நடந்ததற்கு ஒரே சாட்சி அதுதான்.

லினக்ஸ் பக்கத்தில் 2007 பெப்ரவரியில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் கேர்னலுக்குள் சேர்ந்தது. அதனோடு இயங்கும் கியூஇஎம்யூ என்ற மென்பொருள், இன்டெல் நிறுவனத்தின் பழைய காவற்கடிகாரச் சில்லு ஒன்றைப் போலியாகக் காட்ட 2009இல் கற்றுக்கொண்டது. 2011இல் அதற்கென ஒரு முகவரும் வந்தது. வலையமைப்பு வழியாகச் செல்லாமல், புரவலருக்கும் விருந்தினருக்கும் இடையிலுள்ள மெய்நிகர்த் தொடர்வழியில் அது பேசும். விருந்தினரின் வலை அறுந்தாலும் குரல் கேட்கும் என்பது இதன் பெரும்பயன். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கலாம். ஒழுங்காக அணைந்துவிடு என்று சொல்லலாம். காப்புப்பிரதி எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமையை உறையவைத்து மீண்டும் இளக்கலாம். கடைசி வசதியில் ஆபத்தும் உண்டு. உறையவைத்த பின் இளக்கும் கட்டளை தவறிப்போனால், நலமாயிருந்த விருந்தினரை நலம் பார்க்க வந்தவரே முடக்கியதாகும்.

முகவரை வேண்டாதவர்களும் இருந்தார்கள். டால் கார்ஃபிங்கல், மென்டல் ரோசன்ப்ளம் இருவரும் 2003இல், விருந்தினரின் நினைவகத்தை வெளியிலிருந்தே படித்து உள்ளே நடப்பதை ஊகிக்கும் முறையை முன்வைத்தார்கள். ஊடுருவிய திருடன் உள்ளேயுள்ள முகவரை ஏமாற்றலாம், வெளியிலிருந்து பார்ப்பவரை ஏமாற்றுவது கடினம் என்பது அவர்கள் வாதம். முகவரே ஓட்டையாகலாம் என்ற அச்சமும் வீணல்ல. 2021 செப்டெம்பரில், மைக்ரோசொப்டின் அசூர் மேகத்தில் பல லினக்ஸ் விருந்தினர்களுக்குள் பயனருக்குச் சொல்லாமலே நிறுவப்பட்டிருந்த ஒரு நிர்வாக முகவரில், கடவுச்சொல் இன்றித் தொலைவிலிருந்தே முழு அதிகாரம் பெறக்கூடிய குறை வெளிப்பட்டது. இப்போது வரும் ஏஎம்டி, இன்டெல் சில்லுகளோ விருந்தினரின் நினைவகத்தைப் புரவலரே படிக்க முடியாதபடி மறையீடு செய்கின்றன. அத்தகைய இயந்திரங்களில் வெளியிலிருந்து ஊகிக்கும் வழி அடைபடுகிறது; விருந்தினரின் சொந்த வாக்குமூலத்தையே மறுபடி நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை பிற இடங்களில் நடந்துகொண்டிருந்த காலத்தில், வன்னியில் கணினியை இயக்குவதே பெரும்பாடு. போர் ஆண்டுகளில் தேசிய மின்தொகுப்பு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் எட்டவில்லை. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. போர்நிறுத்த காலத்தில், 2003இல், புலம்பெயர் தொழில்நுட்பவியலாளரின் துணையோடு வன்னிடெக் என்ற கல்விநிலையம் கிளிநொச்சியில் தொடங்கியது. மீண்டும் மூண்ட போர் அந்த முயற்சிகளைக் கலைத்துவிட்டது. வவுனியாவின் நிலை சற்று வேறு: 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. அது இன்று பம்பைமடுவில் இயங்குகிறது.

2009க்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ட் மின்பாதை மீண்டும் அமைந்தது. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி ரயில் கிளிநொச்சி வரை ஓடியது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது; கணினிப் பொறியியல் அதன் துறைகளுள் ஒன்று. சேர்வர் அறை என்ற ஒன்று இந்த மண்ணில் நிலைத்தது இப்படித்தான். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இந்தச் சேர்வர் அறைகளை வெளியுலகோடு பிணைத்தது. 2020இல் கொரோனாவால் வகுப்புகள் மூடப்பட்டபோது நாட்டின் உயர்கல்வி முழுவதும் அந்த வலையமைப்பின் மேல் சாய்ந்தது. பாடங்கள், ஒப்படைகள், பரீட்சைகள் எல்லாம் சேர்வர்களில் தங்கியிருந்தன. விருந்தினர் ஒன்று மௌனமானால் ஒரு பீடமே மௌனமாகும் நிலை.

மின்வெட்டுதான் இங்கே நலம் பார்ப்பவரின் உண்மையான ஆசிரியர். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். மின்சாரம் திரும்பியதும் புரவலர் தானாக எழும்; பட்டியலில் எல்லா விருந்தினர்களுக்கும் நேரே ‘ஓடுகிறது’ என்று வரும். இணையப்பக்கமோ திறக்காது. அந்த விருந்தினரின் திரையைத் திறந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கோப்பு முறைமையில் பிழை, திருத்துவதற்கு ரூட் கடவுச்சொல்லைத் தருக என்று ஒரு வரி நிற்கும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு விசைத்தட்டலுக்காகக் காத்துக்கொண்டு. 1970களில் ஐபிஎம் 15 நிமிடக் கெடு விதித்தது இதே நிலைக்காகத்தான்.

இதற்கான மருந்து மின்சாரம் போகும் நேரத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். யுபிஎஸ்ஸின் பற்றரி குறைவதைப் புரவலருக்கு அறிவிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. அறிவிப்பு வந்ததும் முகவர் வழியாக ஒவ்வொரு விருந்தினரையும் ஒழுங்காக அணைக்கச் சொல்லலாம். முகவர் இல்லாவிட்டால் மின்பொத்தானை அழுத்தியது போன்ற சைகையைத்தான் அனுப்ப முடியும். உறைந்த விருந்தினர் அதைக் கண்டுகொள்ளாது, பற்றரி தீரும் வரை புரவலர் வீணாகக் காத்திருக்கும். கேவிஎம்மின் மேல் கட்டப்பட்டு 2008இல் வியன்னாவிலிருந்து வெளியான புரொக்ஸ்மொக்ஸ் போன்ற திறமூல முறைமைகள் உரிமக் கட்டணம் கேட்பதில்லை. அவற்றில் முகவரை இயக்குவது ஒரு சிறு தெரிவு மட்டுமே. ஆனால் விருந்தினருக்குள்ளும் அதை நிறுவ வேண்டும் என்பதை மறந்துவிட்டால், புரவலர் வராத பதிலுக்காகக் காத்து நிற்கும். சிறிய சேர்வர் அறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது.

முகவர் துடித்தாலும் மேலே ஓடும் செயலி செத்துக் கிடக்கலாம் என்பதால், உண்மையான பயனரைப் போல நுழைந்து பார்க்கும் கண்காணிப்பும் வேண்டும். 1999இல் தொடங்கிய நாகியோஸ், 2001இல் வெளிவந்த ஸாபிக்ஸ், 2012இல் உருவாகத் தொடங்கிய புரோமிதியஸ் ஆகியவை இந்த வேலைக்கென்றே வந்தவை. பக்கம் திறக்கிறதா, தரவுத்தளம் பதில் தருகிறதா, வட்டில் எத்தனை சதவீதம் மீதம், கடைசிக் காப்புப்பிரதி எப்போது என்று அவை கேட்டுக்கொண்டே இருக்கும். கண்காணிக்கும் கருவியையும் அதே புரவலரில் ஒரு விருந்தினராக வைத்துவிடுவது வசதியாகத் தோன்றும். புரவலர் விழும் நாளில் எச்சரிக்கை அனுப்ப யாருமே மிஞ்சமாட்டார்கள்.

ஓடுவதும் நலமும் வேறு என்பதை இலங்கை முழுவதும் உணர்ந்தது 2023இல். அரச மேகத்தை நிர்வகித்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்தின் பொறுப்பிலிருந்த அரச மின்னஞ்சல் சேவை அந்த ஓகஸ்டில் கப்ப மென்பொருளின் தாக்குதலுக்கு ஆளானது. ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. சேவையைச் சில மணி நேரத்தில் மீட்டெடுத்தார்கள், கடிதங்களை மீட்கவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப்பிரதிகளும் மறையீடாகிவிட்டன, தனியே எடுத்து வைத்த அண்மைய பிரதி இல்லை. அங்கே ஓடிய எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதியே நிறுத்தியிருந்தது. சிபியு, நினைவகம், வட்டு என்ற வழக்கமான அளவுகள் எவையும் இதைக் காட்டியிருக்க மாட்டா. மென்பொருளின் வயதையும், வலையிலிருந்து துண்டித்து வைத்த பிரதியின் திகதியையும் நலக்குறிப்பில் சேர்க்காத கண்காணிப்பு அரைகுறையானது. அந்த ஓகஸ்டின் இழப்பு அதற்குப் போதிய சான்று.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. இத்தகைய நாட்களில் பெட்டிகள் எழும்பும் வரிசையும் நலத்தின் பகுதியாகிவிடுகிறது. முதலில் பெயர்ச்சேவை, பிறகு தரவுத்தளம், அது பதில் சொன்ன பிறகே செயலி, கடைசியாக வெளியுலகுக்கான வாசல் என்று ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு முறைஎண்ணும் இடைவெளியும் ஹைப்பர்வைசரில் குறிக்கப்படும். தரவுத்தளத்துக்கு முன் செயலி எழுந்தால், தொடர்பு கிடைக்காமல் சில முறை முயன்று ஓய்ந்துவிடும். பிறகு தரவுத்தளம் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்த நேரத்தில் துடிப்பு சீராகவே இருக்கும், பிங் பதில் தரும், பட்டியலும் பச்சையாகவே இருக்கும். பக்கத்தைத் திறந்து பார்க்கும் சோதனை ஒன்றுதான் அதைப் பிடிக்கும்.