நம் கரையைக் காவல் காத்த வாபிட்டி



செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய விமான ஓடுதளம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போது, "அப்போது நம்மிடம் என்ன விமானம் இருந்தது?" என்று பிள்ளைகள் கேட்டால், நீங்கள் சொல்ல வேண்டிய பெயர் வெஸ்ட்லாந்து வாபிட்டி. அக்டோபர் 8 விமானப்படை தினம் என்பதால் அதன் கதையைச் சொல்கிறேன்.

வாபிட்டி 1927-இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பறந்தது. இரட்டை இறக்கை, மேலே கூரையில்லாத இரண்டு இருக்கைகள். முன்னால் விமானி, பின்னால் கீழே நடப்பதைக் கவனிப்பவர். செலவைக் குறைக்க, முதல் உலகப் போர்க்கால டி.எச்.9ஏ விமானத்தின் உதிரி பாகங்களையே பயன்படுத்தும்படி இதை வடிவமைத்தார்கள். தரைப்படைக்குக் கண்ணாக இருந்து வேவு பார்ப்பது இதன் முக்கிய வேலை.

1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப்படை பிறந்தது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதல் பிரிவு தொடங்கியபோது இருந்தவை நான்கே வாபிட்டிகள். இந்திய விமானிகள் ஐந்து பேர். அவர்களில் இருவர் அந்த ஆண்டே விபத்தில் இறந்தார்கள். இந்தியர்களால் விமானப்படை நடத்த முடியுமா என்று ஆங்கிலேயர் பலர் சந்தேகப்பட்ட காலம் அது. மிச்சமிருந்தவர்கள் விடவில்லை. 1937-இல் வடமேற்கு எல்லையில் மீரான்ஷாவிலிருந்து களப்பணிக்குப் பறந்தார்கள். அந்த ஐவரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954-இல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? 1914-இல் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 1939-இல் மறுபடி போர் வந்தபோது நம் விமானப்படையில் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். கடற்கரையைக் காக்க சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் உட்பட ஆறு துறைமுகங்களில் கடலோரக் காவல் பிரிவுகளை அமைத்தார்கள். அவற்றில் தன்னார்வ விமானிகள் பலர். அவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்ததும் பழைய வாபிட்டிகள்தான். அதை ஓட்டிக்கொண்டு, எதிரிக் கப்பல் வருகிறதா என்று கடல்மேல் தேடினார்கள்.

உலகில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாபிட்டி. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த முறை டெல்லி போனால் பிள்ளைகளோடு ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். பழைய பொருள்தானே என்று கடந்துவிடாமல், அதில் ஏறிப் பறந்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.