நாக்கும் காதும்: கியூபச் சுருட்டின் சுவை குறித்துச் சில குறிப்புகள்

1

கியூபாவிலிருந்து புதுச் சுருட்டு ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால் லண்டனிலும் மாட்ரிட்டிலும் ஹாங்காங்கிலும் நண்பர்கள் மூன்று நான்கு பேர் கூடி உட்கார்ந்து அதைப் புகைத்துப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுகிறார்கள். சுருட்டுக்குப் போய் மதிப்புரையா என்று கேட்கத் தோணும். நம்மூரில் புத்தகத்துக்கு எழுதுவதைவிட ஒழுங்காகவே எழுதுகிறார்கள். பற்ற வைக்கும் முன் முகர்ந்து பார்ப்பது, நுனியை வெட்டி நெருப்பில்லாமலேயே ஓர் இழுப்பு இழுப்பது, பிறகு சுருட்டை மூன்று பாகமாக்கி ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சுவை சொல்வது என்று இதற்கொரு சடங்கு முறை உண்டு. முதல் பாகத்தில் தேவதாரு, நடுவில் கோகோ, கடைசியில் பதனிட்ட தோலும் மிளகும். சாம்பல் உதிராமல் எவ்வளவு நேரம் நிற்கிறது, நெருப்பு ஒரே சீராக இறங்குகிறதா என்பதும் கணக்கில் வரும். 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிகார் அஃபிசியோனாடோ' இதழ் ஒயினுக்குப் போடுவதுபோல் சுருட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறது.

இந்த மதிப்புரையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அதன் மௌனங்களை வாசித்துப் பார்க்கலாம். 'மண்வாசனை' அடிக்கடி வரும். அந்த மண்ணில் நாற்று நட்டவர் வருவதில்லை. சுருட்டின் நீளமும் தடிமனும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும்; அதைச் சுற்றிய கை இருக்காது. பெட்டியின் அடியில் மாதமும் ஆண்டும் முத்திரையாக உண்டு. எந்தத் தொழிற்சாலை என்பதோ சங்கேத எழுத்தில்தான் இருக்கும். அந்தச் சங்கேதத்தையும் அவ்வப்போது மாற்றிவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல் நம்முடைய 'சுருட்டு'தான். 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, கொலைகாரன் திருச்சிச் சுருட்டுப் பிடிக்கிற ஆள் என்று சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். அவ்வளவு நுட்பமாகச் சாம்பலைப் படிக்கத் தெரிந்தவருக்கும் அது புகைத்தவனைத்தான் காட்டிக்கொடுத்தது. சுற்றியவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய மதிப்புரையும் அந்தச் சாம்பல் வாசிப்பின் தொடர்ச்சிதான்.

2

கியூபச் சுருட்டின் முதல் ஐரோப்பிய மதிப்புரையாளர்கள் என்று இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். 1492 நவம்பரில் கொலம்பஸ் தீவின் உட்பகுதிக்கு அனுப்பிய ரோத்ரிகோ தே ஹெரேஸ், லூயிஸ் தே தோரஸ். ஆண்களும் பெண்களும் கையில் கனலும் இலைச்சுருளோடு நடமாடியதை அவர்கள் வந்து சொன்னார்கள். இந்தச் செய்தியை எழுதி வைத்த பார்த்தொலோமே தே லாஸ் காஸாஸ் இன்னொன்றையும் பதிவு செய்கிறார். எஸ்பாஞோலா தீவில் குடியேறிய ஸ்பானியர்கள் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கண்டித்தபோது விட முடியவில்லையே என்றார்கள். அதில் அவர்கள் என்ன சுவையைக் கண்டார்கள், என்ன பயனைக் கண்டார்கள் என்பது தனக்கு விளங்கவில்லை என்கிறார் அவர். கியூபாவில் தனக்கு ஒதுக்கப்பட்டிருந்த பழங்குடி உழைப்பாளிகளை 1514இல் கைவிட்டு, அவர்களுக்காகப் பேசத் தொடங்கியவர் லாஸ் காஸாஸ். புகையின் சுவை அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரிந்திருந்தது.

தாயினோ மக்களிடம் புகையிலை சடங்காகவும் மருந்தாகவும் இருந்தது. படையெடுப்பும் கட்டாய உழைப்பும் தொற்றுநோயும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்குள் அந்தச் சமூகத்தைச் சிதைத்தன. முற்றாக அழிந்தே போனார்கள் என்று எழுதுவது காலனிய வரலாற்றுக்கு வசதியான முடிவு. கிழக்குக் கியூபாவில் அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் சந்தையில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். 'கோஹிபா' தாயினோச் சொல். அந்தச் சுருட்டின் வளையத்தாளில் தாயினோத் தலை ஒன்று அச்சாகிறது. 2010இல் வந்த அதன் மிக விலையுயர்ந்த வரிசைக்குப் பெயர் 'பெஹிகே'. பெஹிகே என்றால் தாயினோப் பூசாரி, வைத்தியர்.

அடுத்து வந்தவர்கள் பயிரிட்டவர்கள். ஸ்பானிய முடியரசு 1717இல் கியூபப் புகையிலை முழுவதையும் தானே வாங்கும் ஏகபோகத்தை அறிவித்தது. விலையை அரசே வைக்கும், மறுக்க முடியாது. புகையிலை விவசாயிகள் அந்த ஆண்டும் 1720இலும் 1723இலும் கிளர்ந்தெழுந்தார்கள். மூன்றாம் முறை ஹவானாவை அடுத்த ஹெசூஸ் தெல் மோந்தேயில் கிளர்ச்சியாளர்களுக்கு மரண தண்டனை. ஏகபோகம் 1817 வரை நீடித்தது. அதன்பின்தான் பெரிய பட்டறைகளும் பர்தகாஸ் (1845) போன்ற பெயர்களும் வந்தன.

3

ஃபெர்னாந்தோ ஓர்தீஸ் 1940இல் புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிரே நிறுத்திக் கியூப வரலாற்றை எழுதினார். சர்க்கரை என்றால் பெருந்தோட்டம், அடிமைமுறை, அந்நிய மூலதனம். புகையிலை என்றால் சிறு நிலம், கைத்திறன், சுதந்திரம். மாலினோவ்ஸ்கி முன்னுரை எழுதிய அந்த நூலில்தான் 'பண்பாட்டு ஊடாட்டம்' என்று நாம் இன்று சொல்கிற கருத்தாக்கம் உருவானது. அழகான எதிர்வுதான். ஆனால் அழகான எதிர்வுகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கு. 19ஆம் நூற்றாண்டு ஹவானாவின் சுருட்டுப் பட்டறைகளில் அடிமைகளும் இருந்தார்கள், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களும் இருந்தார்கள். புகையிலை தானாக யாருக்கும் சுதந்திரம் தந்துவிடவில்லை. அதைத் தேடிக்கொண்டது வேறொரு வழியில், காது வழியாக.

1865 டிசம்பரில் ஹவானாவின் எல் ஃபிகாரோ பட்டறையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார். வாசிப்பவருக்கு முதலாளி சம்பளம் தரவில்லை. கேட்பவர்களே தங்கள் கூலியிலிருந்து தந்தார்கள். எதை வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அடுத்த மாதம் பர்தகாஸுக்கும் பரவியது. பர்தகாஸில் வேலை பார்த்த கவிஞர் சதுர்னினோ மார்த்தினெஸ் 1865இலேயே 'லா அவுரோரா' என்ற தொழிலாளர் ஏட்டைத் தொடங்கியிருந்தார். அந்த ஏடும் பட்டறைகளில் வாசிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஏராளமாக இருந்த இடத்தில் ஹ்யூகோவும் செர்வாந்தஸும் ஜோலாவும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

சில மாதங்களே ஆயின. 1866இல் காலனிய அரசு தடை விதித்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத வாசிப்பாலும் விவாதத்தாலும் தொழிலாளரின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். சம்பந்தமில்லாதது என்ற இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்வோம்.

தடைகள் வந்தன, போயின. விடுதலைப் போர்களின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இந்த வழக்கத்தை ஃபுளோரிடாவுக்கு எடுத்துப் போனார்கள். 1891இல் ஹோஸே மார்த்தி தாம்பாவுக்கு வந்து பேசியபோது எதிரே இருந்தவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய காதுகள். கியூப விடுதலைக்கு அவர்கள் கூலியில் பங்கு கொடுத்தார்கள். 1895 எழுச்சிக்கான ஆணையே ஒரு சுருட்டுக்குள் சுற்றி ஹவானாவுக்கு அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள். தாம்பாவில் வாசித்தவர்களில் ஒருவர் புவெர்த்தோ ரிக்கோவின் பெண்ணியவாதி லூயிசா கபெதியோ. ஹவானாவில் கால்சட்டை அணிந்ததற்காக 1915இல் கைது செய்யப்பட்டவர். 1931இல் தாம்பா முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது. வாசிப்பவரின் மேடை இருந்த இடத்துக்கு வானொலி வந்தது. கண்ணூர் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

மதிப்புரைகளில் அடிக்கடி வரும் 'மோந்தேகிறிஸ்தோ' என்ற பெயர் 1935இல் வந்தது. தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட துய்மாவின் நாவலிலிருந்து எடுத்தது என்பார்கள். கேட்டவர்களின் ரசனை விற்பனைப் பெயராகிவிட்டது, கேட்டவர்கள் மறைந்துபோனார்கள்.

4

'ஒரு புதுச் சுருட்டை நண்பர்களோடு சுவைப்பது' என்பதற்குக் கியூப வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற சான்று கோஹிபாதான். 1960களின் தொடக்கத்தில் ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் புகைத்த சுருட்டின் மணம் அவரைக் கவர்ந்தது. என்ன பெயர் என்று கேட்டார். பெயர் ஒன்றும் இல்லை, நண்பர் சுற்றித் தருவது. அந்த நண்பர் எதுவார்தோ ரிவேரா. ஃபிடலும் புகைத்துப் பார்த்தார், பிடித்துப்போனது. ஹவானாவின் எல் லகிதோ மாளிகையில் அந்தச் சுருட்டுக்கென்றே பட்டறை அமைந்தது. 1966இல் பெயர் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். எல் லகிதோவில் சுற்றுவதற்குப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. செலியா சாஞ்செஸின் முன்முயற்சி என்று சொல்லப்படுகிறது. அதுவரை ஹவானாவில் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இலையின் நடுநரம்பை உரிக்கும் வேலை. சுற்றும் மேசை ஆண்களுடையது. பெண்கள் தொடையில் வைத்துச் சுற்றுகிறார்கள் என்று உலகச் சந்தையில் உலவிய ஆபாசக் கட்டுக்கதைக்கு மாறாக, எல் லகிதோவில் பெண்கள் மேசையில் உட்கார்ந்தார்கள். கையில் கத்தி, எதிரே பலகை. மதிப்புரையாளர் கோஹிபாவின் 'மென்மை'யைப் புகழும்போது மூன்றாம் முறையாக மரப்பீப்பாயில் புளிக்க வைத்த இலையைச் சொல்வார். அந்த மேசையைச் சொல்ல மாட்டார்.

ஆனால் இந்தச் சுருட்டு யாருக்குப் போனது? தலைவர்களுக்கும் அயல்நாட்டு விருந்தினர்களுக்கும் பரிசாக. வெளிச்சந்தைக்கு வந்தது 1982இல். இதையும் சொல்லித்தான் ஆகணும். மேசையைப் பெண்களுக்குத் தந்த புரட்சி சுருட்டை மேலிடத்துக்குத் தந்தது. 1985இல் ஃபிடல் புகைப்பதை நிறுத்தினார். மக்கள் உடல்நலத்தின் பேரில் புகைப்பழக்கத்தை எதிர்த்த இயக்கத்துக்கு முன்னுதாரணமாக. நம்மிடையே கியூபச் சுருட்டு புகையாக வரவில்லை, படமாக வந்தது. 1963இல் ரெனே புர்ரி எடுத்த சே குவேராவின் படம் எத்தனையோ அறைகளில் தொங்கியது. ஆஸ்துமாக்காரர் ஒருவரின் வாயில் சுருட்டு. நாமும் அதைச் சுற்றிய கையை யோசித்ததில்லை.

மறுபக்கமும் ஒரு சுருட்டுக் கதை உண்டு. 1962 பிப்ரவரியில் கென்னடி பொருளாதாரத் தடையில் கையெழுத்திடும் முன், பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரிடம் சொல்லி 1,200 கியூபச் சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். சாலிஞ்சரே 1992இல் எழுதியது. ஃபிடல் கோஹிபாக் கதையைச் சொன்னது 1994இல். இரண்டும் வெளிவந்தது மேலே சொன்ன அதே மார்க் போடும் இதழில். புரட்சியின் நினைவையும் முற்றுகையின் நினைவையும் நுகர்வோர் இதழ் ஒன்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

5

சோவியத் வீழ்ச்சிக்குப் பிந்தைய நெருக்கடியில், 1994இல், ஏற்றுமதிக்கென 'ஹபானோஸ்' நிறுவனம் உருவானது. 2000இல் அதன் பாதிப் பங்கு அல்தாதிஸ் என்ற ஸ்பானிய - பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் அந்தப் பங்கு பிரிட்டிஷ் கைக்குப் போய், 2020இல் ஆசிய முதலீட்டாளர்களிடம் சேர்ந்தது. 2022இல் கோஹிபாவின் உலக விலை ஹாங்காங் விலையோடு ஒட்டவைக்கப்பட்டது. 2024 ஹவானா சுருட்டு விழாவில் கோஹிபாப் பேழை ஒன்று 40 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. அந்தப் பணம் கியூபப் பொது மருத்துவத்துக்கு என்றார்கள். முற்றுகைக்குள் இருக்கும் நாடு. மருந்துக்கும் பணம் வேணும். எனவே 'துரோகம்' என்ற ஒற்றைச் சொல்லால் இதைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. 'வேறு வழியில்லை' என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சுவைப்பதில் இரண்டு விதம் இருக்கு. கியூபத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே சுவைஞர் குழுக்கள் உண்டு. யார் சுற்றியது என்று தெரியாமல் புகைத்துப் பார்த்து, இழுவை, எரிதல், மணம், காரம் என்று குறிப்பார்கள். குறை இருந்தால் அது மேசைக்குத் திரும்பிப் போகும். அடுத்த நாள் கை திருத்திக்கொள்ளும். இங்கே சுவை என்பது உழைப்பவர்களுக்கு இடையிலான உரையாடல். நண்பர் குழுவின் மதிப்புரையோ சந்தைக்குப் போகிறது. அதன் மார்க் விலையாக மாறுகிறது. சுற்றியவருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

உரக்க வாசிக்கும் வழக்கம் ஹவானாவில் நின்றுபோகவில்லை. காலையில் பத்திரிகை, பிறகு நாவல். 2012இல் கியூபா அதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. பத்திரிகை என்றால் இப்போது அரசுப் பத்திரிகைதான் என்பதும் தெரிந்ததே. மரபு என்று அறிவிப்பது சில நேரம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற காரியமாகவும் ஆகிவிடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் குறுக்கிட்டார்: "சுருட்டு நல்லாயிருக்கா இல்லையான்னு சொல்லுங்க தோழர். சம்பந்தமில்லாம எங்கெங்கேயோ போறீங்க." 1866இன் ஆணையும் இதைத்தான் சொன்னது. அன்று தடைபோட ஓர் ஆளுநர் தேவைப்பட்டார். இன்று மதிப்புரையின் வடிவமே அந்த ஆணையை நிறைவேற்றிவிடுகிறது. தேவதாரு சம்பந்தமுள்ளது, தோல் சம்பந்தமுள்ளது. கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து ஹ்யூகோவைக் கேட்டவர்கள் சம்பந்தமில்லாதவர்கள். தடையை மீறி அந்தத் தொழிலாளர்கள் மறுபடி மறுபடி வாசிக்க வைத்தது இந்தச் 'சம்பந்தமில்லாத' விஷயங்களைத்தான். நண்பரின் கேள்விக்குப் பதில்: நல்ல சுருட்டுதான். யார் சுற்றியது என்று பெட்டியில் போட்டிருக்கவில்லை.